அடிபட்டாலும் காசில்லாவிட்டாலும் கம்பைக் கீழே வைக்காமல் இருப்பது எப்படி?

சிலம்பம் கற்கிறவர்களில் பலர் நின்றுபோவது அடிபட்ட அன்றைக்கு இல்லை, அதற்கு அடுத்த மாதம். மணிக்கட்டு வீங்கியிருக்கும். ஆறட்டும் என்று ஒரு வாரம் வீட்டில் இருப்பார்கள். வாரம் இரண்டாகும், நான்காகும். அல்லது இரண்டு மாத ஃபீஸ் பாக்கி இருக்கும். மாஸ்டர் முகத்தில் எப்படி விழிப்பது என்று மைதானத்துப் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள். காயம் ஆறிவிடும், பணமும் எப்படியோ புரண்டுவிடும். ஆனால் மூன்று மாதம் கழித்துத் திரும்பப் போகக் கூச்சம் விடாது.

அதனால் முதல் வேலை, வருகையை விடாமல் இருப்பது. கம்பு சுற்ற முடியாத நாளிலும் அதே நேரத்துக்கு மைதானத்துக்குப் போங்கள். ஓரமாக நின்று காலடி (கால் வைக்கும் முறைகள்) போடுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு எண்ணிக்கை சொல்லுங்கள். போகவே முடியாவிட்டால் வீட்டில் இருபது நிமிடம். என்ன செய்கிறோம் என்பதை மாற்றிக்கொள்ளலாம், செய்யும் நேரத்தை மட்டும் விடாதீர்கள்.

எதற்கு உடனே ஆஸ்பத்திரி

எல்லா வலிக்கும் பயப்பட வேண்டாம், சிலவற்றுக்குக் கட்டாயம் பயப்பட வேண்டும். கணுக்கால் பிசகி நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்காலில் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் உயிர் போகிறது என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கையை ஊன்றி விழுந்த பிறகு, கட்டை விரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி தெரியுமே, அந்தக் குழியை அழுத்திப் பாருங்கள். அங்கே வலித்தால் உள்ளே இருக்கும் சின்ன எலும்பு உடைந்திருக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவது சகஜம். "எலும்பில் ஒன்றும் இல்லை" என்று சொன்னாலும் வலி போகவில்லை என்றால் பத்து, பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் ஒரு முனையிலிருந்துதான் முக்கியமாகப் போகிறது. கவனிக்காமல் விட்டால் கூடாமலே நின்றுவிடும், பிறகு கை முழுசாக மடங்காது.

கண்ணில் கம்பு முனை பட்டால் கசக்காதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள், சொந்தமாகச் சொட்டு மருந்து விடாதீர்கள். அந்த நிமிடமே கண் மருத்துவரிடம் போக வேண்டும். வேலூரில் ஆரணி ரோட்டில் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. தலையில் அடிபட்டு ஒரு கணம் கண் இருண்டது, தலை சுற்றியது, என்ன நடந்தது என்று நினைவில்லை என்றால், "ஒண்ணுமில்ல" என்று எழுந்து நின்றாலும் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. வாந்தி, அதிகத் தூக்கம், பேச்சுக் குழறல், கூடிக்கொண்டே போகும் தலைவலி இருந்தால் அவசரப் பிரிவு. முதல் அடி ஆறுவதற்குள் தலையில் இன்னொரு அடி விழுவதுதான் பெரிய ஆபத்து. தலைவலி முழுசாகப் போகும்வரை தொடுமுறை, அதாவது எதிராளியைக் கம்பால் தொடும் ஆட்டம், வேண்டாம். போன பிறகும் ஒரு நாள் நடை, மறுநாள் காலடி, அடுத்து தனியாகக் கம்பு, கடைசியில்தான் எதிராளி. நடுவில் தலைவலி திரும்பினால் ஒரு படி கீழே இறங்குங்கள். எதிராளியோடு நிற்பதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நம் பக்கத்தில் எலும்பில் அடி என்றால் முதலில் ஓடுவது புத்தூர் கட்டு என்கிற நாட்டு எலும்புக் கட்டுக்குத்தான். நம்பிக்கை இருக்கிறவர்களோடு சண்டை இல்லை. ஆனால் வரிசை மாறக்கூடாது: முதலில் எக்ஸ்ரே, பிறகு மற்றது. கட்டுப் போட்ட பின் விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, விரலை மெல்ல நீட்டிவிட்டாலே தாங்க முடியாமல் வலித்தாலோ, எந்தக் கட்டாக இருந்தாலும் அப்போதே அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இறுக்கத்தில் சதை சில மணி நேரத்திலேயே செத்துவிடும்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடத் தேவையில்லை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவும் பிசியோதெரபியும் உண்டு. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டும். இது பெரும்பாலும் படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்குத்தான், சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு இல்லை. அடிபட்ட பிறகு ஓடாமல், நன்றாக இருக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கட்டு

சிலம்பக்காரர்களுக்கு அதிகமாகத் தொல்லை தருவது இதுதான். நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் பீடி சுற்றுகிறவர்கள், ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் தைக்கிறவர்கள், ஒட்டுகிறவர்கள், எல்லோருக்கும் பகல் முழுக்கக் கட்டை விரலுக்கும் மணிக்கட்டுக்கும் வேலை. மாலையில் கம்பு சுற்றும்போது உழைப்பதும் அதே தசைநார்கள்தான். "நான் அரை மணி நேரம்தான் சுத்தறேன், அதுக்கா வலிக்குது?" என்று கேட்கிறவர்கள், ஆயிரம் பீடி சுற்றிய கணக்கைச் சேர்ப்பதில்லை. கைக்கு இரண்டும் ஒரே கணக்கு.

சோதித்துப் பாருங்கள். கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி மற்ற விரல்களால் மூடி, முஷ்டியைச் சுண்டு விரல் பக்கமாக மெல்லச் சாயுங்கள். கட்டை விரல் அடியில் சுரீர் என்று இழுத்தால், அங்கே ஓடும் இரண்டு நார்களின் உறை வீங்கியிருக்கிறது. நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழும்போது சுண்டு விரல் பக்கம் குத்தினால் அது வேறு இடம். கம்பைப் பின்பக்கமாகத் திருப்பும்போது மணிக்கட்டை முறுக்கியதில் வந்திருக்கும்.

இரண்டுக்கும் அடியில் இருக்கிற தவறு பெரும்பாலும் ஒன்றேதான்: பிடியை நெரிப்பது. கம்பு விரல்களுக்குள் உருள வேண்டும். உள்ளங்கையால் இறுக்கினால் கம்பு சுற்றாது, மணிக்கட்டுதான் சுற்றும். கூட இருப்பவரிடம், நீங்கள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, "இழு" என்று சொல்லி நிறுத்துங்கள். அவர் கம்பின் முனையைப் பிடித்து லேசாக இழுத்தால் அது கொஞ்சம் தயங்கி வழுக்கி வர வேண்டும். உங்கள் தோளே சேர்ந்து முன்னால் வந்தால் பிடி இறுக்கம். விரல் முட்டிகள் வெளுத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். மெல்லிய கம்பைப் பிடிக்கக் கட்டை விரல் அதிகம் வளைய வேண்டியிருக்கும். பழைய வேட்டித் துணியைப் பிடிக்கிற இடத்தில் இரண்டு சுற்று சுற்றிக் கொஞ்சம் தடிமனாக்கினாலே பலருக்கு வலி குறையும்.

வலிக்கும்போது இரண்டு வாரம் அந்தக் கையால் வேகச் சுற்று வேண்டாம். வேலை நாட்களில் மற்றக் கையால் மட்டும் சுற்றுங்கள், விடுமுறை நாளில் வலிக்கிற கையால் மெதுவாக ஐந்து நிமிடம். ஒரு கையைப் பயிற்றுவித்தால் சும்மா இருக்கிற கையின் பலமும் ஓரளவு குறையாமல் நிற்கும். இது ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்த விஷயம். இடது கை சுற்றைத் தள்ளிப்போட்டே வருகிறவர்களுக்கு அதைப் படிய வைக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.

தோள், கணுக்கால், விரல்

தலைக்கு மேல் சுற்றும்போது, கை தோள் மட்டத்தைத் தாண்டுகிற இடத்தில் மட்டும் வலித்து, அதற்கு மேல் போனால் விட்டுப்போகிறது என்றால், தோள் மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைகள் களைத்திருக்கலாம். தலைக்கு மேல் சுற்றை நிறுத்திவிட்டு இடுப்பு மட்டச் சுற்றைத் தொடருங்கள். கூடவே இந்தப் பயிற்சி: சைக்கிள் கடையில் பஞ்சர் போட முடியாமல் தூக்கிப் போட்ட ட்யூபை வாங்கி நீளவாக்கில் வெட்டுங்கள். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் முழங்கை உயரத்தில் கட்டுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, இடையில் ஒரு சுருட்டிய துண்டைச் செருகி, முன்னங்கையை வெளிப்பக்கமாக இழுத்து மெல்ல விடுங்கள். பன்னிரண்டு முறை, மூன்று தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். துண்டு கீழே விழுந்தால் முழங்கை விலகுகிறது, ட்யூபைத் தளர்த்துங்கள். ஆறு வாரமாவது செய்தால்தான் பலன் தெரியும். ஒரு வாரம் செய்துவிட்டு "சரிப்பட்டு வரல" என்று விடுகிறவர்கள்தான் அதிகம்.

கணுக்கால் பிசகினால் முதல் இரண்டு நாள் எண்ணெய் போட்டு உருவுவது, சுடு ஒத்தடம், இரண்டும் கூடாது. வீக்கம் இன்னும் ஏறும். கிரேப் பேண்டேஜை விரலடியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றி, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். மூன்றாம் நாளிலிருந்து கால் விரலால் காற்றில் அ முதல் ஔ வரை எழுதுங்கள். அடுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால் தூக்குதல். அதற்கும் அடுத்து ஒற்றைக் காலில் முப்பது நொடி நிற்பது, பிறகு அதையே கண்ணை மூடிக்கொண்டு. இந்தக் கடைசிப் பயிற்சியை விட்டவர்களுக்குத்தான் அதே கால் திரும்பத் திரும்பப் பிசகும். நாருக்குப் பலம் வந்தாலும், பாதம் எங்கே இருக்கிறது என்று உடம்புக்குச் சொல்லும் உணர்வு தானாகத் திரும்பாது. பாலாற்று மணலில் காலடி போடுவது முழங்காலுக்கு இதம், பிசகிய கணுக்காலுக்கு எதிரி. அடிபட்ட காலோடு இருக்கிறவர்கள் கெட்டி மண் தரைக்கு வாருங்கள். மொட்டை மாடி சிமெண்டுத் தரையில் தாழ்ந்த நிலைகளைப் போடாதீர்கள், முழங்கால் முன்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும். மாடியில் கம்பெடுத்தால் மின்கம்பி எவ்வளவு பக்கத்தில் போகிறது என்று முதலில் அண்ணாந்து பாருங்கள். ஈர மூங்கிலில் கரண்ட் பாயும்.

தொடுமுறையில் விரல் நுனியில் அடி விழுந்து, நுனிக்கணு தொங்கிப்போய்த் தானாக நிமிராவிட்டால், மேலே இருக்கும் நார் அறுந்திருக்கிறது. அதிகம் வலிக்காது. அதனாலேயே விட்டுவிடுவார்கள், விரல் வாழ்நாள் முழுக்கத் தொங்கியபடியே நிற்கும். எக்ஸ்ரே எடுத்து எலும்பு பெயரவில்லை என்று தெரிந்தால் வைத்தியம் எளிது: நுனிக்கணுவை நேராக நிறுத்தும் பட்டையை ஆறிலிருந்து எட்டு வாரம் இரவும் பகலும் போட வேண்டும். பட்டையைக் கழற்றிக் கழுவும்போதுகூட விரலை மேஜை மேல் நேராக வைத்தபடியே கழுவுங்கள். ஒரே ஒரு முறை மடங்கினாலும் நாட்கணக்கு முதலிலிருந்து தொடங்கும். காலுக்கு ஒன்றும் இல்லை என்பதால் காலடி முழுவதையும் செய்யலாம்.

மூங்கில் சிராய் கையில் ஏறி முழுசாக வரவில்லை என்றால் எக்ஸ்ரேயில் தேடாதீர்கள், மரம் அதில் பெரும்பாலும் தெரியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரண ஜன்னியைத் தடுக்கும் டிடி ஊசி இலவசமாகவே போடுவார்கள்.

திரும்ப ஏறுவது

வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். பயிற்சியின்போது மூன்று வரை இருக்கலாம். ஆனால் மறுநாள் காலையில் எழும்போது நேற்றுக் காலையைவிட வலி கூடியிருக்கக் கூடாது. கூடியிருந்தால் அடுத்த முறை பாதி. நேரம், வேகம், கம்பின் எடை, இந்த மூன்றில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். முதல் வாரம் இலேசான பிரம்புக் கம்பு, ஐந்து நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டாம் வாரம் பத்து நிமிடம். மூன்றாம் வாரம் அதே பத்து நிமிடம், வேகம் மட்டும் கூட. எதிராளியோடு நிற்பது நான்காம் வாரத்துக்குப் பிறகுதான்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வருவதுதான் இருப்பதிலேயே கெட்ட பழக்கம். வலி மறைந்துவிடுவதால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. சித்திரை, வைகாசி வேலூர் வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். வெறும் வயிற்றில் என்றால் குடலும் புண்ணாகும். கோடையில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இது போதும். விலை கொடுத்துப் பாட்டில் வாங்க வேண்டாம்.

பணம்

ஃபீஸ் கட்ட முடியவில்லை என்றால் பாக்கி சேருவதற்கு முன்பே பேசுங்கள். தொகையும் தேதியும் உங்கள் வாயிலிருந்து வர வேண்டும். எல்லோர் முன்னாலும் வேண்டாம், பயிற்சி முடிந்து கம்புகளைக் கட்டும்போது பக்கத்தில் போய்:

"மாஸ்டர், அப்பாக்கு ரெண்டு மாசமா வேல இல்ல. இந்த மாசமும் அடுத்த மாசமும் பாதி ஃபீஸ்தான் முடியும், அஞ்சாம் தேதிக்குள்ள குடுத்துடறேன். காலைல சின்னப் பசங்களுக்கு வணக்கமும் காலடியும் நான் போட்டு வுடறேன் மாஸ்டர்."

பெரும்பாலும் "நீ வா, அத அப்பறம் பாத்துக்கலாம்" என்ற பதில்தான் வரும். ஆனால் சொன்ன தேதியில் சொன்ன பாதியைக் கையில் கொடுத்துவிடுங்கள். வராமல் போகிறவர்களைவிடப் பாதி கொடுத்துத் தினமும் வந்து நிற்கிறவர்களைத்தான் எந்த வாத்தியாரும் விரும்புவார். அவர் சம்மதிக்கவில்லை என்றால் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வந்து அதற்குரிய தொகை தர முடியுமா என்று கேளுங்கள்.

போக்குவரத்தில் மிச்சம் பிடிக்கலாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பள்ளி மாணவர்களுக்கு இலவச பாஸ் இருக்கிறது. நெடுங்கம்போடு ஏறக் கண்டக்டர் முகம் சுளித்தால், மைதானத்திலேயே கம்பை வைத்துவிட்டு வர மாஸ்டரிடம் இடம் கேளுங்கள்.

பணம் வீணாக ஓடும் ஓட்டை, போட்டிகள். உலக சாதனை என்று பேனர் கட்டி, நுழைவுக் கட்டணம் வாங்கி, வந்த எல்லோருக்கும் மெடல் தருகிற நிகழ்ச்சிகள் நிறைய. பிள்ளை ஆசைப்படுகிறது என்று கடன் வாங்கிக் கட்டுகிற பெற்றோரைப் பார்க்க வயிறு எரிகிறது. கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: இந்தச் சான்றிதழ் அரசு வேலையின் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் செல்லுமா? அந்த ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்க்கப்பட்டிருக்கிறது, ஆனால் எல்லாச் சான்றிதழும் செல்லாது. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்தாலே தெரிந்துவிடும். முதலமைச்சர் கோப்பையில் சிலம்பம் இருக்கிறது, மாவட்ட அளவிலேயே பரிசுத் தொகையும் உண்டு. வருடத்துக்கு இந்த மாதிரி இரண்டு போட்டி போதும். மாநில அளவுக்கு மேல் போய்ப் பயணச் செலவுக்குத் திண்டாடுகிறவர்கள், 2023இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம்.

புரோட்டீன் பவுடர் வாங்கக் காசு தேட வேண்டாம். நம் மண்ணில் விளையும் வேர்க்கடலை நூறு கிராமில் ஏறக்குறைய இருபத்தைந்து கிராம் புரதம் இருக்கிறது, ஒரு முட்டையில் ஆறு கிராம். எலும்பு கூடுகிற காலத்தில் கேழ்வரகுக் களியும் கூழும் தினமும் இருக்கட்டும். சுண்ணாம்புச் சத்தில் அரிசி அதன் பக்கத்திலேயே வராது. ரேஷன் துவரம்பருப்பை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாகக் கம்பு. உங்கள் நெற்றி உயரத்துக்கு ஒன்று போதும், புதிது புதிதாக வாங்க வேண்டாம். நம் ஊர் வறண்ட வெயிலில் மூங்கில் வெடிக்கும் என்பதால், கோடையில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்து, நிழலில் படுக்க வைத்து ஒரு இரவு விடுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வில்லாக வளைந்துவிடும். பயிற்சிக்கு முன் ஒரு பிடி பஞ்சை எடுத்துக் கம்பின் மேல் முனைக்கு முனை இழுங்கள். பஞ்சு இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே சிராய் எழும்பியிருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். முனை பிளக்கத் தொடங்கினால் ட்யூப் ரப்பரை விரல் அகலத்துக்கு வெட்டி இறுக்கிச் சுற்றுங்கள். விரிசல் ஒரு சாண் தாண்டிவிட்டால் எதிராளி முன் அந்தக் கம்பை எடுக்காதீர்கள். பிளந்த பகுதியை அறுத்துப் போட்டுவிட்டு, மிச்சத்தை இரட்டைக் கம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.